பெட்டியின் நெற்றியில் ஒரு வட்டம்

நேற்றுக் காலை பிரியா போன் செய்தாள். நெய்வேலி மந்தாரக்குப்பத்துப் பாதுகாப்புப் பயிற்சிக் கூடத்தில் நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்த பெண். கூடத்தில் எல்லாவற்றையும் மாற்றுகிறார்களாம். விரலால் தொட்டால் வேலை செய்கிற புதுத் திரை வந்துவிட்டதாம். பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழித்துப் போடப் போகிறார்கள்.

"அங்கிள், பெட்டி முன்பக்கம் மார்க்கர்ல ஒரு வட்டம் போட்டிருக்கு. உள்ள மஞ்சளா கறை. எவ்ளோ தேய்ச்சாலும் போவல. என்ன அங்கிள் இது?"

"தேய்க்காதம்மா. நானே நேர்ல வரேன்" என்றேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எழுதிப் பழக்கம் இல்லாதவன் நான், பத்தாவதோடு நின்றவன். இருந்தாலும் அந்த வட்டம் வந்த வாரத்தில் நடந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. முருகன் எனக்கு ஞாபகம் கொடுத்திருக்கிற வரையில் சரியாகச் சொல்கிறேன்.

என் தொழில் மைக்செட்டில் தொடங்கியது. காடாம்புலியூர் பக்கத்துத் திருவிழாக்களில் தென்னை மரம் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். பிறகு டவுன்ஷிப் கல்யாணங்கள். அப்புறம்தான் இந்தக் கூடம். அதை நடத்தியவர் ஒரு காண்ட்ராக்டர். சுரங்கத்துக்கு அவர் அனுப்பும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு அங்கே பாதுகாப்பு வகுப்பு நடக்கும். நான் சேர்ந்தபோது ஸ்லைடு, அதன்பிறகு கேசட், சி.டி., கடைசியாக லினக்ஸ். ஒவ்வொன்று வரும்போதும் இத்தோடு நம் வேலை போயிற்று என்று பயப்படுவேன். முருகன் கைவிடவில்லை.

லினக்ஸ் பெட்டி வந்தபின் பரீட்சையும் டி.வி.யிலேயே நடந்தது. முதலில் படம் ஓடும். முடிந்ததும் கேள்வியைக் குரலில் கேட்கும், திரையில் நான்கு கட்டங்களில் நான்கு படங்கள் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ரிமோட்டால் சரியான படத்துக்குப் போய் நடுப் பட்டனை அமுக்கினால் போதும். தேர்ந்தெடுக்கிற கட்டம் மஞ்சளாகிக் கொஞ்சம் பெரிதாகி எழும். பார்க்க அழகாக இருக்கும். இதில் தேறினால்தான் சுரங்கத்துக்குள் விடும் கேட் பாஸைப் புதுப்பிப்பார்கள். ஒருமுறை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்.

கூடத்தின் இன்சார்ஜ் வசந்தா மேடம். சேலத்துக்காரர். குரல் உயரவே உயராது, அதனாலேயே எங்களுக்குப் பயம் அதிகம். திட்டுகிறவரிடம் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். "ம்" என்று மட்டும் சொல்கிறவரிடம் என்ன செய்வது? எந்தச் சாமான் கெட்டாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு அதன் முன் நிற்பார். எங்களையும் அப்படியே நிற்க வைப்பார்.

"முதல்ல பார்த்ததைச் சொல்லுங்க. நினைச்சதை அப்புறம் சொல்லுங்க" என்பார்.

அவருடைய இன்னொரு சட்டம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அதில் சரியாகாவிட்டால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். மைக்செட்காரனுக்கு இது பெரிய கஷ்டம். திருவிழாவில் சத்தம் நின்றால் வயர், பியூஸ், மைக் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஆட்டுவோம். சத்தம் திரும்ப வந்துவிடும், எதனால் வந்தது என்று கடைசிவரைக்கும் தெரியாது.

இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில், ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் அது நடந்தது.

அஞ்சலை என்று ஒரு அம்மா. சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து இங்கே வாழ வந்தவர். வீட்டுக்காரர் தவறிவிட்டார். இரண்டு பெண்கள், பெரியவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் சிந்துகிற நிலக்கரியை வாரிப் போடுகிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்து எங்கள் கூடத்தைக் கூட்டித் துடைப்பார். வருஷா வருஷம் இதே பெட்டியில் பரீட்சை கொடுத்துத் தேறியவர். அந்தத் திங்கட்கிழமை மூன்று தப்பு விழுந்து தேறாமல் போனார். சனிக்கிழமையோடு பாஸ் முடிகிறது. இரண்டாம் வாய்ப்பு வெள்ளிக்கிழமை.

"ஏம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"நான் அமுக்கனது ஹெல்மெட்டுண்ணே. அது போயி செருப்பு மேல நின்னுக்கினு இருக்குது. செருப்ப மாட்டிக்கினா தலைய காப்பாத்தப் போறேன்?"

அவர்கள் மேஸ்திரி தனசேகர் பக்கத்தில் நின்றிருந்தார். "ரிமோட்ட அமுக்கத் தெரியல, மிஷினு மேல பழி போடற. நாளைக்குக் கன்வேயரு புடவைய இழுத்துக்கினு போனா, அதுவும் எகிறிக் குதிச்சிடுச்சின்னு சொல்லுவியா?"

"நீ ஒருதபா அமுக்கிப் பாரு மேஸ்திரி. வாயால அமுக்கறது சுளுவு."

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தார். ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

நான் அமுக்கிப் பார்த்தேன். என் கைக்குச் சரியாகத்தான் வந்தது. அதுவே பெரிய கவலையாகிவிட்டது. பெட்டியில் குறை இல்லை என்றால் குறை அஞ்சலையிடம்தான் என்று ஆகிவிடுமே.

மேடம் வந்தார். மேடம், நான், அஞ்சலை மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டி.வி. முன் நின்றோம்.

"அஞ்சலை, நீங்க பார்த்தது என்ன?"

"மஞ்சக் கட்டம் விக்குதும்மா. படியேறறப்ப மூச்சு வாங்கறாப்புல, நின்னு நின்னு வருது."

"கலியபெருமாள், நீங்க?"

"எனக்குச் சரியா வந்துது மேடம்."

"எப்படி வந்தது? செய்து காட்டுங்க."

அமுக்கினேன். நின்றேன். மஞ்சள் நகர்ந்தது. மறுபடி அமுக்கினேன். நின்றேன்.

"ஏன் நடுவுல நிற்கறீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தினமும் அதோடு பழகியவன் என்பதால் என் விரல் தன்னால் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அஞ்சலை அமுக்குகிறார், மஞ்சள் அசையவில்லை. விழவில்லை போல என்று இன்னொருமுறை அமுக்குகிறார். பெட்டி இரண்டு அமுக்கையும் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக நகர்கிறது. மஞ்சள் ஹெல்மெட்டுக்கு வந்ததும் நடுப் பட்டனை அமுக்குகிறார். அதற்குள் அது செருப்புக்குத் தாவிவிடுகிறது.

"மெஷினுக்காகக் காத்திருக்கறது நம்ம பாடத்துல இல்ல" என்றார் மேடம். நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. "அதுக்காக ரிசல்ட்டை வாய்வார்த்தையால மாத்த முடியாது. திணறுதுன்னா ஏன் திணறுதுன்னு எனக்குக் காட்டணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

அன்றைக்கு மாலையே ரிமோட் பேட்டரியை மாற்றினேன். மாற்றமில்லை. பழைய பேட்டரியைத் திரும்பப் போட்டேன். மறுநாள் பெட்டியை இருந்த இடத்திலேயே பக்க மூடியைக் கழற்றி ப்ளோயர் வைத்து ஊதினேன். நெய்வேலியில் எதைத் திறந்தாலும் பழுப்புத் தூசு ஒரு கை அள்ளலாம். ஊதி முடித்தபோது என் மீசை பழுப்பாகியிருந்தது. திணறல் அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாள் மென்பொருளின் அமைப்பில் நுழைந்து, திரையின் அலங்காரத்தை மாற்றினேன். நிழல், பளபளப்பு எதுவும் இல்லாத சாதாரண முகப்பைப் போட்டதும் மஞ்சள் கட்டம் ஓரளவு ஓடியது. ஓடிப்போய் மேடத்தைக் கூட்டி வந்தேன்.

பார்த்தார். "ம். போன மாசம் வரைக்கும் இந்த அலங்காரத்தோடதானே நல்லா ஓடுச்சு?"

"ஆமா மேடம்."

"அப்ப இது வலி மாத்திரை. பழைய முகப்பையே போடுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று புதன்கிழமை.

வியாழக்கிழமை காலையில் விபூதி பூசிக்கொண்டு, பெட்டியை அமைத்துக் கொடுத்த சென்னைத் தம்பிக்குப் போன் போட்டேன். பொறுமையான பிள்ளை. படம் ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுகிறது என்றேன். அதுதான் எனக்குப் புரியவில்லை, படம் ஓடுகிற பெட்டியில் நான்கு கட்டம் ஏன் ஓட மாட்டேன் என்கிறது?

"அது பழைய கேசட்லேர்ந்து எடுத்த சின்னப் படம்ணே, எப்படியும் ஓடிரும். மெனுதான் திரை முழுக்க வரையணும். ஒவ்வொரு அசைவுக்கும் புதுசு புதுசா வரையணும். கறுப்பு விண்டோவைத் திறங்க, நான் சொல்றதை அடிங்க."

ஒவ்வொரு எழுத்தாக அவன் சொல்ல, ஒற்றை விரலால் அடித்தேன். திரை நிறைய ஆங்கிலம் கொட்டியது. படத்தை வரைவது எது என்று காட்டும் "ரெண்டரர்" வரியைத் தேடச் சொன்னான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடிப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தேன். "எல்... இன்னொரு எல்... வி... எம்... பி... ஐ... பி... ஈ."

இன்னொருமுறை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

"அண்ணே, பெட்டிக்குள்ள படம் வரையறதுக்குன்னே தனியா ஒரு கார்டு இருக்கு. இப்ப அது சும்மா உக்காந்திருக்கு. கணக்குப் போடற மூளையே படத்தையும் வரைஞ்சுக்கிட்டு இருக்கு. அதான் மூச்சு வாங்குது."

அஞ்சலை சொன்ன அதே வார்த்தை.

"டி.வி. கேபிள் பெட்டி பின்னாடி எதுல இருக்கு பாருங்க. மேல இருக்கற ஓட்டையிலயா, கீழ குறுக்க தனியா இருக்கறதுலயா?"

பெட்டி மர அலமாரிக்குள் சுவரோடு ஒட்டியிருந்தது. டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன். "மேல தம்பி."

"நான் கீழ குடுத்திருந்தேனே. ரெண்டுலயும் படம் தெரியும்ணே. ஆனா கீழ குடுத்தாத்தான் கார்டு வேலை செய்யும். யாரு மாத்துனது?"

அப்போதுதான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் கூடத்தின் சாமான்களை எல்லாம் கழற்றித் துடைத்து, நடு ஹாலில் பெஞ்சு போட்டு வரிசையாக வைப்போம். இந்தப் பெட்டி, புரொஜெக்டர், ஆம்ப்ளிபையர், மைக், அஞ்சலையின் துடைப்பம் வரைக்கும். பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் உண்டு. விஜயதசமி அன்று திரும்ப எடுத்து வைப்போம். அந்த வருஷம் எனக்குக் கோயில் மைக்செட் பொறுப்பு இருந்ததால், தனசேகர்தான் தானாக முன்வந்து எல்லாவற்றையும் மாட்டினார்.

தனசேகரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மேடமும் இருந்தார். அஞ்சலை துடைப்பத்தோடு கதவோரம் நின்றிருந்தார்.

"ஆமாண்ணே, நான்தான் மாட்டினேன். கீழ் ஓட்டையில ஏறல. மேல குடுத்தேன், ஏறுச்சு. படமும் வந்துது. படம் வந்தா போதாதா?"

மேடம் பெட்டியை வெளியே இழுக்கச் சொன்னார். பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கீழ் ஓட்டையில் ஏதோ பழுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் துரு என்று நினைத்தேன். பார்த்ததைச் சொல்ல வேண்டுமே என்று குனிந்து நன்றாகப் பார்த்தேன். சந்தனம். காய்ந்து கல்லாகியிருந்தது. அதன் நடுவில் கச்சிதமாக ஒரு குங்குமப் பொட்டு.

சாமானுக்குப் பொட்டு வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். துடைத்த கைதான் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் அந்த வேலையை அஞ்சலையிடம்தான் கொடுப்போம். இப்போது நான் வாயைத் திறந்தால், பெட்டி அவரால்தான் கெட்டது என்று ஆகும். திறக்காவிட்டால் காரணம் பாதியில் நிற்கும், மேடம் ரிசல்ட்டை மாற்ற மாட்டார். முருகா, நீயே பார்த்துக்கொள் என்று நின்றேன்.

"யார் வெச்சது?" என்றார் மேடம்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அஞ்சலை முன்னால் வந்தார். "நான்தாம்மா. மத்த வருஷம் அண்ணன் திருப்பி வெச்சுக் குடுப்பாரு. இந்தத் தபா எது மூஞ்சின்னு தெரியல. அந்தப் பக்கம் சும்மா வழவழன்னு இருந்துச்சு. கண்ணு காது மூக்கெல்லாம் இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. அதான் இதுக்கு வெச்சேன்."

தனசேகருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாத்தீங்களா மேடம்! இவளே அடைச்சுப்புட்டு இவளே..."

"தனசேகர், கீழ ஏறலைன்னதும் ஏன் ஏறலைன்னு குனிஞ்சு பார்த்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"ம்."

மேடம் மறுபடி பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அஞ்சலையைப் பார்த்தார். மேடத்தின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்ல முடியாது.

"நியாயம்தான். எனக்கும் இந்தப் பக்கம்தான் மூஞ்சி மாதிரி தெரியுது" என்றார். "கலியபெருமாள், கரண்டை எடுத்துட்டு வேலையைப் பாருங்க."

பிளக்கைப் பிடுங்கினேன். மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி, உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளில் படாமல் சந்தனத்தைப் பொடிப்பொடியாகப் பெயர்த்தேன். உலர்ந்த பிரஷ், பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. பெயர்த்த சந்தனத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை. காகிதத்தில் ஏந்தி வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன். ஸ்பிரிட் காய்ந்தபின் கேபிளைக் கீழே சொருகினேன். ஏறியது.

கரண்ட் கொடுத்தேன். டி.வி. கறுப்பாக நின்றது. சிக்னல் இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது.

கீறிவிட்டேனோ, உள்ளே ஏதாவது தகட்டை வளைத்துவிட்டேனோ என்று பயந்தேன். மேடம் கையைக் கட்டியபடியே, "இன்னொருமுறை நிறுத்திப் போடுங்க, நிதானமா" என்றார். நிறுத்தினேன். கந்தர் சஷ்டி கவசத்தை மனதில் எடுத்த இடம் தெரியாமல் நடுவிலிருந்து சொன்னேன். போட்டேன். வெளிச்சம் வந்தது. முகப்பு வந்தது. கறுப்பு விண்டோவில் அதே வரியை வாசித்தேன். எல் எல் போய்விட்டது, அந்த இடத்தில் கார்டின் பெயர் நின்றது.

ரிமோட்டை அமுக்கினேன். மஞ்சள் கட்டம் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. பழக்க தோஷத்தில் என் விரல் அப்போதும் காத்திருந்தது.

பூஜைக்குப் பிறகு தவறியவர்கள் எல்லோருடைய ரிசல்ட்டையும் மேடம் ரத்து செய்து, எல்லோரையும் மறுநாள் வரச் சொன்னார். அப்படியும் என் மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. சந்தனம் வைத்தால் நல்லதுதானே நடக்க வேண்டும், ஏன் இப்படி ஆனது என்று என் சம்சாரத்திடம் கேட்டேன்.

"சாமி பொட்டு வெக்கச் சொன்னாரு. ஓட்டையில வெக்கச் சொன்னாரா? ரசம் ஆறுது, சாப்புடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை அஞ்சலை குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்தார். படம் ஓடி முடிந்தது. முதல் கேள்வி. கன்வேயர் உருளையில் துணி சிக்கினால் என்ன செய்ய வேண்டும்? கையால் இழுப்பது ஒரு படம், கம்பியால் தள்ளுவது ஒரு படம், அவசரக் கயிற்றைப் பிடித்து இழுப்பது ஒரு படம், ஓடுவது ஒரு படம். அஞ்சலை யோசிக்கவே இல்லை. மஞ்சள் கயிற்றுக்குப் போய் நின்றது. அடுத்தது ஹெல்மெட், அது ஹெல்மெட்டிலேயே நின்றது. நான் பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்து விட்டேன்.

கடைசிக்கு முந்திய கேள்வி, மின்சாரத் தீயை எதைக் கொண்டு அணைப்பது? நான்கு படங்கள். அஞ்சலை கொஞ்சம் தயங்கினார். மஞ்சள் தண்ணீர் வாளியில் போய் நின்றது. நடுப் பட்டனை அமுக்கிவிட்டார். திரையில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. மறுபடி கெட்டுவிட்டதா? அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, அது எகிறிக் குதிச்சிதா?"

"இல்லம்மா. நீ அமுக்கின இடத்துலதான் நின்னுது."

"அப்ப என் தப்புதானா?"

"உன் தப்புதான்."

"அப்ப சரிண்ணே" என்று திரும்பிக்கொண்டு கடைசிக் கேள்வியைச் சரியாகப் போட்டார். ஒரு தப்புக்கு இடம் உண்டு. தேறிவிட்டார். தனசேகர்தான் முதலில் கை தட்டினார். "கரண்டு தீயில தண்ணி ஊத்திடாத ஆயா, நான்தான் உன் பக்கத்துல நிக்கறேன்" என்றார். "உன் மேலதான் மொதல்ல ஊத்துவேன்" என்றார் அஞ்சலை. மேடம் அங்கேயே தீயணைப்பானைக் கழற்றி எடுத்து வந்து, எதற்கு எது என்று அவருக்குக் காட்டிவிட்டுத்தான் பாஸுக்குக் கையெழுத்துப் போட்டார்.

மற்ற எல்லோரும் போனபின் மேடம் மார்க்கர் கேட்டார். பெட்டியின் முன்பக்கம், அந்த வழவழப்பான இடத்தில், மேலாக நடுவில் ஒரு வட்டம் போட்டார். அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"இதுதான் மூஞ்சி. இதுதான் நெத்தி."

"இது தெரிஞ்சா போதும்மா" என்றார் அஞ்சலை.

போன் வந்த அன்றே, நேற்றே, கூடத்துக்குப் போய்விட்டேன். பெட்டி வாசலில் பழைய சாமான்களோடு கிடந்தது. பிரியா நனைத்த துணியோடு நின்றிருந்தாள். இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். துணியைக் கீழே வைத்துவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள். வட்டத்துக்குள் ஒவ்வொரு வருஷத்துச் சந்தனமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஊறிப்போய் இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. மறுபடி முன்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு வருஷம்கூடப் பொட்டு கோட்டைத் தாண்டவில்லை.